வீட்டுக்கு ஒரு சங்கிலி ரம்பம்



சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதுங்கா மார்க்கெட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பினேன். செம்பூரில் வசிக்கும் நண்பர் ஒருவர் எதிர்ப்பட்டார். அவருக்குப் பேராவூரணிப் பக்கம். ஊரில் எழுபது வயதுத் தாயார், ஓட்டு வீடு, கொல்லையில் பதினைந்து தென்னை, ஒரு புளி, இரண்டு மா, வேலியோரத்தில் சீமைக் கருவேலம்.

"சார், நீங்கள் கையேடுகளை எல்லாம் மொழிபெயர்க்கிறவர். இந்த முறை ஊருக்குப் போகும்போது மரம் அறுக்கிற மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு போகலாம் என்றிருக்கிறேன். நம்பி வாங்கத் தக்கது எது? பெயரைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

"பெயர் இருக்கட்டும். மரம் நிற்பது எந்த ஊர், அது எந்த மரம், எந்திரத்தைப் பிடிக்கப் போவது யார் கை என்ற மூன்றையும் முதலில் சொல்லுங்கள்" என்றேன். நண்பர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். இந்த மூன்றையும் கேட்காமல் ஒரு சங்கிலி ரம்பம் வாங்கி, அதன் பலனை என் குடும்பம் அனுபவித்தது அவருக்குத் தெரியாது. அந்த அனுபவத்தைத்தான் இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலாவது, ஊர். மரம் இந்த மும்பையிலேயே நிற்பதாயின் ரம்பம் வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவது நலம். இங்கே 1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. நம் குடியிருப்பு வளாகத்துக்குள் நாமே நட்டு, நாமே நீர் வார்த்து வளர்த்த மரமாயினும், மர ஆணையத்தின் அனுமதியின்றி அதை வெட்டுவது குற்றமாகும். கிளை கழிப்பதற்கும் அனுமதி வேண்டும். 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், ஐம்பது ஆண்டும் அதற்கு மேலும் வயதுடைய மரங்களைப் பாரம்பரிய மரங்கள் என வகுத்துக் கூடுதல் பாதுகாப்பு அளித்திருக்கிறது. மாதுங்காவாசிகள் எஃப் வடக்கு வட்டத்திலும், செம்பூர்வாசிகள் எம் மேற்கு வட்டத்திலும், தாராவிவாசிகள் ஜி வடக்கு வட்டத்திலும் உள்ள மாநகராட்சித் தோட்டத் துறையினரை அணுக வேண்டும். மழை தொடங்கிய பின்பு அன்று, மழைக்கு முன்பே அணுக வேண்டும்.

சட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் செம்பூரில் தென்னை ஒன்று முறிந்து விழுந்து, தெருவில் நடந்து சென்ற பெண்மணி ஒருவர் உயிரிழந்தார். 2021 மே 17-ஆம் நாள் தவ்தே புயல் மும்பைக் கடலோரத்தை ஒட்டிச் சென்றபோது நகரெங்கும் நூற்றுக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. நெருக்கமான தெருவில், மின்கம்பிகளுக்கும் மக்களுக்கும் நடுவில் ஒரு மரத்தை இறக்குவது பழகியவர்களின் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வில் நாம் செய்து பார்க்கக் கூடியதன்று.

ஆக, நம்மில் பெரும்பாலோர் வாங்க நினைக்கும் ரம்பம் சொந்த ஊருக்குத்தான். தாராவியில் பத்தடிக்குப் பத்தடி அறையில் இருப்பவருக்கும் திருநெல்வேலிச் சீமையில் நாலு பனையும் ஒரு வேம்பும் இருக்கக்கூடும். எந்திரத்தை வாங்குவது மும்பை, அது உழைக்க வேண்டியதோ ஆயிரம் மைலுக்கு அப்பால். நான் தவறியது இந்த இடத்தில்தான்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யத்துக்கு அருகே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னை வைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஒரே இரவில் நிலைகுலைந்தன. பட்டுக்கோட்டைக்கு அருகே என் தமக்கையின் வீட்டில் நாற்பது மரங்களுக்கு மேல் சாய்ந்து கிடந்தன. ஒன்று மாட்டுக் கொட்டகையின் மேலேயே விழுந்திருந்தது. அறுக்க ஆள் கிடைக்கவில்லை. மின்சாரம் இல்லை. தொலைபேசியில் அக்காவின் குரலைக் கேட்டதும் நான் அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே நாக்தேவி தெருவுக்குப் போனேன்.

ஒரு கடையில் இருந்தவற்றுள் பெரியதைக் கேட்டு வாங்கினேன். 58 சிசி எஞ்சின், 22 அங்குல நீளத் தகடு. விலையும் மலிவு. பெரிய ஆபத்துக்குப் பெரிய எந்திரம் என்பது என் கணக்கு. லாரிப் பார்சலில் அனுப்பினேன். மூன்று நாள் நன்றாக அறுத்தது. நான்காம் நாள் சங்கிலி மழுங்கிப் புகைந்தது. ஐந்தாம் நாள் அறுந்தது. பட்டுக்கோட்டையில் அதற்குப் பொருந்தும் சங்கிலி கிடைக்கவில்லை. சங்கிலி ரம்பத்தின் சங்கிலி, கண்ணிகளின் இடைவெளி, அடிக்கண்ணியின் தடிப்பு, கண்ணிகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் ஒத்திருந்தால்தான் பொருந்தும். மும்பையிலிருந்து மறுபடி வாங்கி அனுப்ப ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மரங்கள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன.

அதைவிடப் பெரிய விலையை அடுத்த வாரம் கொடுத்தோம். என் அத்தான் ஒரு மரத்தை அறுத்துக்கொண்டிருந்தார். அந்த நீளத் தகட்டின் முனை, மறுபுறம் கிடந்த இன்னொரு தண்டில் பட்டது. கண் இமைக்கும் நேரத்தில் ரம்பம் மேலே துள்ளி அவர் முகத்தை நோக்கி வந்தது. தலையைத் திருப்பிக்கொண்டதால் தோளோடு போயிற்று. தோளில் கிடந்த துண்டைச் சங்கிலி சுற்றி இழுத்துக்கொண்டு எஞ்சின் நின்றது. ஏழு தையல். நான்கு விரற்கடை இப்பால் பட்டிருந்தால் கழுத்து. கைப்பிடிக்கு முன்னால் இருந்த காப்பு அந்நேரம் சங்கிலியை நிறுத்தியிருக்க வேண்டும். பின்னர் சோதித்தபோது அது வெறும் அலங்காரம் என்று தெரிந்தது.

இவ்வாறு ரம்பம் துள்ளுவதற்குக் கையேடுகளில் தனிப் பெயர் உண்டு. அதை எதிருதைப்பு எனத் தமிழாக்கலாம். தகட்டின் முனையில் மேற்பாதி எதன் மீதாவது பட்டால், முன்னோக்கி ஓடும் சங்கிலி அதைக் கவ்வி ஏற முயல்கிறது. ஏற முடியாதபோது அந்த விசை முழுவதும் தகட்டை மேலும் பின்னுமாகத் தள்ளிவிடுகிறது. நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும் காரியம் அது. மனிதன் சுதாரித்துக்கொள்ள அது போதாது. எந்திரம்தான் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும்.

இந்த எந்திரத்தின் வரலாறு சிறிது வியப்பானது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்களான ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே ஆகியோர் எலும்பை அறுக்கக் கையளவுச் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினர். மரத்துக்கு அது வந்தது பிற்காலத்தில். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-இல் மின்சாரத்தால் ஓடும் ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலில் ஓடுவதையும் செய்தார். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்த ஜோசப் காக்ஸ், 1946-இல் அடிமரம் ஒன்றில் வண்டின் புழு இடமும் வலமும் மாறி மாறி அரித்துச் செல்வதைக் கண்டார். அதே முறையில் சங்கிலிப் பல்லை அமைத்தார். இன்று நாம் வாங்கும் ரம்பத்தில் ஓடுவது அந்தப் பல்தான். துள்ளலைத் தடுக்கும் சங்கிலி பிரேக்கு 1970-களில்தான் பரவியது. மரத்தை அறுக்கக் கற்ற எந்திரம், மனிதனை அறுக்காதிருக்கக் கற்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. அந்தப் பிரேக்கு இல்லாத எந்திரத்தை, எவ்வளவு மலிவாயினும், நாம் ஏன் வாங்க வேண்டும்?

இரண்டாவது, மரம். நம் கொல்லை மரங்களுக்கு 22 அங்குலத் தகடு வேண்டுவதில்லை. தென்னையின் தண்டு, அடிப்பெருக்கம் நீங்கலாக, பெரும்பாலும் ஓர் அடிக்குள் அடங்கும். மாவிலும் வேம்பிலும் நாம் கழிப்பது கிளைகளையே. 12 முதல் 16 அங்குலம் வரையுள்ள தகடும், 30 முதல் 40 சிசி வரையுள்ள எஞ்சினும் வீட்டுக்குத் தாராளம். தகடு நீளும்தோறும் முனை நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்துக்குப் போய்விடும். அத்தானின் தோளில் பட்ட பாடம் அதுதான்.

மின்சாரத்தில் ஓடுவது அமைதியானது, பராமரிப்பும் குறைவு. வீட்டை ஒட்டிய சிறு வேலைகளுக்கு நல்லது. ஆனால் கம்பி எட்டும் தூரம்தான் அதன் உலகம். மின்கலத்தால் ஓடுவது கிளை கழிக்க மிக வசதி. எனினும் புயலுக்குப் பின் வாரக்கணக்கில் மின்சாரம் வராத ஊர்களைக் கண்டவர்கள் அதை மட்டும் நம்பியிருக்க மாட்டார்கள். ஒரு கையால் பிடிக்கும் நாலைந்து அங்குலச் சிறு ரம்பங்களும் இப்போது விற்கின்றன. விளையாட்டுப் பொருள்போலத் தோன்றுவதே அவற்றின் அபாயம். மற்றொரு கை கிளையைப் பிடிக்கப் போகும், சங்கிலி அந்தக் கையைத் தேடி வரும். கடலோர ஊர்க்காரருக்குச் சிறிய பெட்ரோல் ரம்பமே ஏற்றது என்பது என் கருத்து.

மரத்தின் இயல்பையும் அறிய வேண்டும். உள்ளே வைரம் பாய்ந்தது மரம், வெளியே வைரம் பாய்ந்தது புல் எனத் தொல்காப்பியம் அகக்காழ், புறக்காழ் என்று பிரித்திருக்கிறது. தென்னையும் பனையும் புறக்காழ். அவற்றின் வெளிப்பகுதி வலியது, நடுவில் சோறு. அந்தப் புறவலிமை சங்கிலிப் பல்லை விரைவில் மழுக்கிவிடும். தரையில் கிடக்கும் மரத்தில் மணல் ஒட்டியிருந்தால் சில நிமிடங்களே போதும். ஆகவே, அறுப்பதற்கு முன் தண்டைக் கூட்டித் துடைக்க வேண்டும், தரையைப் பல் தொடக் கூடாது. பனையைப் பற்றி இன்னொரு சொல். தமிழ்நாட்டில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என 2021-ஆம் ஆண்டின் வேளாண்மை நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. திருநெல்வேலிச் சீமை நேயர்கள் இதை மனத்திற்கொள்க.

மூன்றாவது, கை. மும்பையில் இருந்துகொண்டு நாம் வாங்குகிறோம். பிடிப்பவரோ ஊரில் இருக்கும் அண்ணனோ, மைத்துனரோ, அண்டை வீட்டுப் பையனோ. அவர் எந்திரத்தைக் கையில் தூக்கிப் பார்த்து, தாமே கயிற்றை இழுத்துக் கிளப்பிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். சிறிய பெட்ரோல் ரம்பமே தகடும் எண்ணெயும் சேர்ந்தால் ஐந்து கிலோவை எட்டும். காலை எட்டு மணிக்கு இலேசாக இருப்பது பதினொரு மணிக்கு மலையாகக் கனக்கும். களைத்த கையில்தான் விபத்து நேர்கிறது.

கடையில் சோதிக்க வேண்டியவை சில. எஞ்சின் சும்மா ஓடும்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். வேகம் கொடுத்து, முன்காப்பை மணிக்கட்டால் முன்னே தள்ளினால் சங்கிலி உடனே நிற்க வேண்டும். பின்கைப்பிடியின் மேலுள்ள பூட்டை உள்ளங்கை அழுத்தாதபோது விசை அசையக் கூடாது. கைப்பிடிக்கும் எஞ்சினுக்கும் இடையே அதிர்வைத் தாங்கும் ரப்பரோ சுருள்வில்லோ இருக்க வேண்டும். பிறகு கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "இதற்குரிய சங்கிலி, பற்சக்கரம், வடிகட்டி மூன்றையும் இப்போதே எடுத்துக் காட்ட முடியுமா?" எடுத்துக் காட்டுபவரிடம் வாங்குங்கள். "வரவழைத்துத் தருகிறேன்" என்பவரிடம் வேண்டாம்.

ஊருக்கு அருகில் உள்ள கடையில் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலும், பெட்ரோல் நிரப்பிய எந்திரமும் இரயில் பெட்டியில் ஏற்றத் தக்கவை அல்ல.

வாங்கியபின் அதை நம்பகமாக வைத்திருப்பது நம் பொறுப்பு. வீட்டு ரம்பங்கள் பெரும்பாலும் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. பெட்ரோலில் அதற்குரிய எண்ணெயைக் கையேடு சொல்லும் விகிதத்தில் கலக்க வேண்டும். ஐம்பதுக்கு ஒன்று என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. கண் அளவு உதவாது. இப்போது நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆண்டுக்கு இரு முறை ஊருக்குப் போகும் நாம் தொட்டியில் பெட்ரோலை விட்டுவிட்டு வந்தால், அடுத்த முறை கார்புரேட்டர் அடைத்துக்கொண்டு எந்திரம் கிளம்பாது. கிளம்பும் நாளுக்கு முன்பு தொட்டியை வடித்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுப் பிறகு பரணில் ஏற்றுங்கள். சங்கிலிக்குரிய எண்ணெய் வேறு, அது தீர்ந்தால் தகடே தேய்ந்துவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம் அரம். ரம்பத்தோடு சங்கிலிக்குரிய உருட்டு அரம் ஒன்றும் வாங்குங்கள். வீட்டு ரம்பங்களில் மிகுதியும் வரும் சிறிய சங்கிலிக்கு 4 மில்லிமீட்டர் அரம் பொருந்தும். பல் கூராக இருந்தால் சிராய் சிராயாகத் தள்ளும். மழுங்கினால் மாவாக உதிரும். மாவு உதிரத் தொடங்கியதும் எஞ்சினை நிறுத்தி, ஒவ்வொரு பல்லையும் ஒரே சாய்வில், உள்ளிருந்து வெளிப்புறமாக, இரண்டு மூன்று இழுப்பு இழுக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைச் சேமிக்க எண்ணி ரம்பத்தை அழுத்தி அறுப்பவர் எந்திரத்தையும் கெடுக்கிறார், தம் உடம்பையும் பணயம் வைக்கிறார்.

உடம்புக்கும் காப்பு வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, தலைக்குக் கவசம், காலுக்குக் கனத்த பூட்ஸ். தோளில் துண்டோ, தொங்கும் வேட்டியோ கூடாது. ஏணியில் நின்று அறுக்கக் கூடாது. தோளுக்கு மேலே ரம்பத்தை உயர்த்தக் கூடாது. தனியே இருக்கும்போது எடுக்கக் கூடாது. நின்ற மரம் வீட்டை நோக்கியோ மின்கம்பியை நோக்கியோ சாய்ந்திருந்தால் அது நம் வேலையன்று. நம் ரம்பம், விழுந்த மரத்துக்கும், கைக்கெட்டும் கிளைக்கும், அடுப்பு விறகுக்கும்தான். இந்த வரம்பை ஏற்பவருக்கே சிறிய எந்திரம் போதுமானதாக இருக்கும்.

2019-இல் பட்டுக்கோட்டையிலேயே, அத்தான் தாமே தூக்கிப் பார்த்து, 14 அங்குலத் தகடுள்ள சிறிய ரம்பம் ஒன்றை வாங்கினார். விலை நான் கொடுத்ததைவிட அதிகம். மூன்று சங்கிலிகள் மாற்றியாகிவிட்டது, எந்திரம் இன்றும் ஓடுகிறது. நான் அனுப்பியதோ பரணில் கிடக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். ஒரு வீட்டின் துன்பத்தை அவ்வளவு தொலைவிலிருந்து பணத்தால் அவசரமாகத் தீர்க்க முயன்றதன் சின்னம் அது. வெளியூரில் வாழும் நம்மில் பலரிடம் இந்த அவசரம் இருக்கிறது. உடனிருக்க முடியாத குறையைப் பெரிய பொருளை அனுப்பி ஈடுகட்டப் பார்க்கிறோம். அனுப்புவதற்கு முன், "உனக்கு எது தோதுப்படும்?" என ஒரு வார்த்தை கேட்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

செம்பூர் நண்பர் அதைக் கேட்டார். பேராவூரணியில் பம்புசெட் பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் தொலைபேசியில் விசாரித்து, அவர் கையில் எதற்கு உதிரிப் பாகம் இருக்கிறதோ அதையே அங்கு போய் வாங்கினார். சீமைக் கருவேலத்தைத் தாமே கழித்தார். கூரைமேல் சாய்ந்திருந்த புளியங்கிளையை மட்டும் கயிறு கட்டி இறக்கத் தெரிந்த ஆட்களிடம் விட்டார். திரும்பி வந்ததும் என்னிடம், "மரம் அறுத்தது இரண்டு நாள், அரம் பிடிக்கப் பழகியது மூன்று நாள்" என்றார்.

நேயர்களே, நம்பத் தக்க ரம்பம் எது என்ற கேள்விக்கு அவர் சொன்னதைவிட நல்ல விடை எனக்குத் தெரியாது. பிடிப்பவரின் கைக்கு அடங்குவது, பிரேக்கு உண்மையில் பிடிப்பது, ஊரில் சங்கிலி கிடைப்பது, அரம் பிடிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருப்பது. அதுவே நம்பி வாங்கத் தக்கது.